பழைய மாளிகையில் முதல் தள வீடு: முன்பணம் கொடுப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முல்லைவனம் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் பல ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் ஒரு வீடு வாங்க முடிவு செய்து, கடந்த மாதம் ஒரு பழைய மாளிகையின் முதல் தளத்தைப் பார்த்துவிட்டு வந்தோம். ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்கு முன் ஒரு வணிகக் குடும்பம் தனக்காகக் கட்டிய அந்த மாளிகை, பிற்காலத்தில் ஒன்பது வீடுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விற்பனைக்கு வந்திருக்கும் வீட்டின் பரப்பு 140 சதுர மீட்டர். கூடத்தின் உயரம் 4.2 மீட்டர்; உட்கூரை முழுவதும் சுதையில் கொடியும் பூவுமாக வேலைப்பாடு. அந்தக் கூடத்தில் காலை வெயில் விழுவதைப் பார்த்தபோதே என் மனைவி இதுதான் நம் வீடு என்று சொல்லிவிட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஆனால் இரண்டு செய்திகள் மனத்தை உறுத்துகின்றன. என் மகளின் கையிலிருந்து நழுவிய கோலிக்குண்டு ஒன்று, மரத்தளத்தில் விழுந்து, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சன்னல் பக்கச் சுவரை நோக்கித் தானாக உருண்டு போய் நின்றது. அந்தச் சுவரோ இடுப்பளவு உயரத்துக்கு மட்டும் அண்மையில் வெள்ளை அடிக்கப்பட்டிருக்கிறது. மேற்பகுதியின் நிறம் சற்றே பழுத்திருக்கிறது. விற்பவரின் முகவரிடம் கேட்டதற்கு, பழைய வீடு என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்லி முடித்துக்கொண்டார். அதே தெருவில் உள்ள புதிய அடுக்ககங்களைவிட விலை கணிசமாகக் கூடுதல். சமையலறையை உள்முற்றத்துப் பக்கம் மாற்றவும், பெரிய குளியல் தொட்டி ஒன்று வைக்கவும் விரும்புகிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன் நாங்கள் எதைப் பார்க்க வேண்டும், யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

காரைவீடு (பதில்)

வணக்கம் ஐயா. பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கும் கட்டமைப்புப் பொறியாளன் என்ற முறையில் எழுதுகிறேன். நீங்கள் கவனித்த இரண்டு செய்திகளும் ஒரே செய்தியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே அவற்றைத் தனித்தனியாக எண்ணாமல் சேர்த்துப் பாருங்கள்.

இத்தகைய மாளிகைகளில் மேல்தளத்தைத் தாங்குபவை பெரும்பாலும் மர உத்தரங்கள். அவற்றின் முனைகள் வெளிச்சுவருக்குள் ஒரு சாண் அளவுக்குப் புதைந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் நடுப்பகுதி நூறாண்டு ஆனாலும் இரும்பு போல இருக்கும். சுவருக்குள் மறைந்திருக்கும் முனைதான் முதலில் கெடும். வெளியே மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு சுவர் வழியே நீர் வடிந்தால், அந்த ஈரத்தைக் குடித்துக் குடித்து முனை மக்கும், உத்தரம் சிறிது சிறிதாக இறங்கும், தளம் வெளிச்சுவரை நோக்கிச் சாயும். கோலிக்குண்டு உருண்ட திசையைப் படித்தவுடன் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. எனினும் சாய்வு இருப்பதாலேயே ஆபத்து என்று சொல்ல மாட்டேன். அறுபது ஆண்டுகளுக்கு முன் இறங்கி, அத்துடன் நின்றுபோன தளத்தில் அச்சமின்றி வாழலாம். இன்றும் இறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதே கேள்வி.

அதை அறியச் சில வழிகள் இருக்கின்றன. சாய்வுக்கு ஏற்பக் கதவின் அடிப்பகுதி எப்போதோ இழைக்கப்பட்டு, அதன்மேல் பல அடுக்குப் பழைய வண்ணம் ஏறியிருந்தால் அசைவும் பழையது என்று கொள்ளலாம். விரிசல் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள்: புதிய விரிசலின் விளிம்பு கூர்மையாகவும் உட்புறம் வெளிறியும் இருக்கும், பழையதில் தூசும் வண்ணமும் உள்ளே படிந்திருக்கும். ஐயம் தீராவிட்டால், அளவுகோடு பொறித்த சிறு பட்டையை விரிசலின் குறுக்கே ஒட்டிச் சில மாதங்கள் கவனிப்பது எங்கள் வழக்கம். வாங்குபவருக்கு அவ்வளவு காலம் கிடைப்பதில்லை. ஆகையால் உரிமையாளரின் இசைவோடு சன்னல் ஓரம் ஒரே ஒரு தளப்பலகையைத் தூக்கிப் பார்ப்பதே நேரான வழி. திருப்புளியால் உத்தரத்தின் முனையை அழுத்தும்போது அது மரத்தைப் போல எதிர்த்து நிற்கிறதா, அல்லது ஊறிய ரொட்டியைப் போல உள்ளே போகிறதா என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். அருகில் மாவு போன்ற வெளிர் நிறத் தூள் குவிந்திருந்தால், துளைக்கும் வண்டு இன்னும் உயிரோடு வேலை செய்கிறது என்று பொருள்.

அடுத்து அந்த இடுப்பளவு வெள்ளை. தரையிலிருந்து செங்கல் வழியே ஏறும் ஓதம், அதாவது மண்ணின் ஈரம், பொதுவாக ஒரு மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். அந்த எல்லையில் உப்புப் பூத்து ஒரு கோடு தெரியும். ஆனால் உங்கள் வீடு முதல் தளத்தில் இருக்கிறது. மண்ணிலிருந்து ஈரம் அவ்வளவு தூரம் ஏறி வர வழியில்லை. அப்படியானால் அது சன்னல் அடிக்கட்டையின் பிளவு வழியாகவோ, வெளிக்குழாய் வழியாகவோ, சுவருக்குள் ஓடும் பழைய குடிநீர்க் குழாய் வழியாகவோ வந்திருக்க வேண்டும். வெள்ளை அடித்து மறைத்தவருக்கு அது தெரிந்திருக்கும்.

அந்தச் சுவர் எதனால் பூசப்பட்டிருக்கிறது என்பதையும் கட்டாயம் விசாரியுங்கள். பழைய சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தால் ஆனவை. சுண்ணாம்பு, காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உள்வாங்கி மீண்டும் கல்லாக மாறும் பொருள். ஆனாலும் அதன் நுண்துளைகள் மூடிவிடுவதில்லை. சுவருக்குள் புகுந்த ஈரம் அவற்றின் வழியே வெளியேறி உலரும். பிற்காலத்தில் வந்த கொத்தனார் உதிர்ந்த இடத்தைச் சிமெண்டால் பூசிவிட்டால், ஈரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கலின் முகத்தையே பெயர்த்துத் தள்ளுகிறது. அருகிலிருக்கும் உத்தர முனையும் நனைந்தபடியே கிடக்கிறது. நல்ல நோக்கத்தோடு பூசிய சிமெண்ட் பழைய சுவர்களுக்குச் செய்த கேட்டை நான் நிறையப் பார்த்து வருந்தியிருக்கிறேன். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். சிமெண்ட் கணீரென்று கடினமாக ஒலிக்கும், சுண்ணாம்புக் காரை சற்று மந்தமாக ஒலிக்கும், சுவரை விட்டுப் பூச்சு பிரிந்திருந்தால் பொள்ளலாக ஒலிக்கும்.

சுதை வேலைப்பாடு உள்ள உட்கூரையைப் பற்றியும் ஒரு சொல். வரிச்சுகள் எனப்படும் மெல்லிய மரப் பட்டிகளை அடித்து, அவற்றின் இடைவெளியில் சாந்தை அழுத்தி, மறுபுறம் பிதுங்கி நிற்கும் பகுதியே கொக்கியாகப் பிடித்துக்கொள்ளுமாறு அமைத்த உட்கூரைகள் உண்டு. சணல் துணியையும் சாந்தையும் சேர்த்துக் கட்டித் தொங்கவிட்டவையும் உண்டு. கீழே இருந்து பார்க்க இரண்டும் ஒன்றுதான். 1901இல் திறக்கப்பட்ட லண்டன் அப்பல்லோ அரங்கில், 2013 டிசம்பரில் நாடகம் நடந்துகொண்டிருந்தபோது உட்கூரையின் ஒரு பகுதி இடிந்து பார்வையாளர்கள்மேல் விழுந்தது. தாங்கியிருந்த சணல் கட்டுகள் காலப்போக்கில் நைந்துபோனதே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. கீழிருந்து பார்த்தவர் எவருக்கும் அந்தப் பூவேலையில் ஒரு குறையும் தெரிந்திருக்காது. ஆகவே மேல் வீட்டுக்காரரின் இசைவோடு மேலிருந்து பார்க்க முடியுமா என்று கேளுங்கள்.

குளியல் தொட்டி ஆசையைச் சற்று ஒத்திவையுங்கள். வார்ப்பிரும்புத் தொட்டி, 200 லிட்டர் நீர், அதில் ஓர் ஆள் என்று கூட்டினால் 400 கிலோவை எளிதாகத் தாண்டும். அந்தச் சுமை உத்தரத்தின் எந்த இடத்தில் இறங்குகிறது என்பதைக் கணக்கிடாமல் வைக்கக் கூடாது.

மாடிப்படி (பதில்)

காரைவீடு ஐயா எழுதிய ஒவ்வொரு சொல்லையும் வழிமொழிகிறேன். நான் பொறியாளர் இல்லை. ஏழு வீடுகளாகப் பிரிக்கப்பட்ட இதே போன்ற ஒரு மாளிகையில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவள். உங்கள் மனைவியின் மனநிலை எனக்கு நன்றாகப் புரிகிறது. நானும் படிக்கட்டின் கைப்பிடியைத் தொட்ட அந்த நிமிடத்திலேயே வாங்கிவிட முடிவு செய்தவள்தான். நூறாண்டுக் கைகள் பட்டுப் பட்டு வழவழத்துப்போன தேக்கு அது. அந்தக் கைப்பிடிக்கும் நான் வாங்கிய வீட்டுக்கும் உள்ள உறவு என்னவென்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை.

நீங்கள் வாங்கப் போவது 140 சதுர மீட்டர் மட்டும் அன்று. ஒன்பதில் ஒரு பங்குக் கூரையையும், படிக்கட்டையும், அடித்தளத்தையும், வெளிச்சுவரையும், மழைநீர்க் குழாயையும் சேர்த்தே வாங்குகிறீர்கள். உங்கள் கதவுக்கு உள்ளே இருப்பதை உங்கள் விருப்பப்படி பேணிக் காக்கலாம். கதவுக்கு வெளியே இருப்பதைக் காக்க மற்ற எட்டுக் குடும்பங்களும் மனம் ஒப்ப வேண்டும். வீட்டைக் கெடுப்பதும் காப்பதும் அந்த வெளிப்பகுதிதான்.

நான் பட்டதைச் சொல்கிறேன். கிரயம் முடிந்த நான்காம் மாதம், கூரையைப் புதுப்பிக்க என் பங்காக ஒரு பெருந்தொகை கேட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. நான் வாங்குவதற்கு ஓராண்டுக்கு முன்பே பொதுக்கூட்டத்தில் அந்தத் தீர்மானம் நிறைவேறியிருந்தது. விற்றவர் அந்தக் கூட்டத்தில் கலந்துகொண்டு கையொப்பமும் இட்டிருந்தார். என்னிடம் அதைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரிந்திருக்கவில்லை. அந்தத் தொகையைக் கட்ட நகையை அடகு வைக்க நேர்ந்தது. ஆகவே கடந்த ஐந்து ஆண்டுகளின் கூட்டக் குறிப்பேட்டை முழுமையாகக் கேட்டு வாங்கி, வரி விடாமல் படியுங்கள். எந்த வேலை ஆண்டுதோறும் ஒத்திவைக்கப்படுகிறது, யார் பராமரிப்புக் கட்டணம் கட்டாமல் பாக்கி வைத்திருக்கிறார், இருப்பு நிதியில் எவ்வளவு இருக்கிறது, நீதிமன்றத்தில் ஏதேனும் வழக்கு நிற்கிறதா என்பதெல்லாம் அதில் இருக்கும். கொடுக்கத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

செலவு எந்த விகிதத்தில் பிரிக்கப்படுகிறது என்பதும் முக்கியம். வீட்டுக்கு ஒரு பங்கு என்றா, பரப்பளவின்படியா, அல்லது பத்திரத்தில் எழுதிய பிரிபடாப் பங்கின்படியா (பொதுச் சொத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் உள்ள உரிமைப் பங்கு)? பெரிய வீட்டுக்காரர் என்ற முறையில் நீங்கள் ஒன்பதில் ஒன்றைவிடக் கூடுதலாகவே சுமக்க நேரிடலாம். எங்கள் மாளிகையில் மழைக்காலத்தில் மேல்தளத்துக் குடும்பம் வாளி வைத்துக்கொண்டு விழித்திருக்கும். தரைத்தளத்துக்காரர் கூரைக்கும் தமக்கும் என்ன தொடர்பு என்று கேட்பார். இந்த இழுபறியில் மூன்று மழைக்காலம் கழிந்தது. அதற்குள் நீர் இரண்டு தளம் இறங்கி அவர் வீட்டுச் சுவருக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

காப்பீட்டையும் பாருங்கள். மொத்தக் கட்டடத்துக்கும் காப்பீடு உண்டா என்பது மட்டும் போதாது. எந்தத் தொகைக்கு என்று கேளுங்கள். சுதை வேலை, மர வேலை, கல் வேலை எல்லாவற்றையும் அதே முறையில் திரும்பச் செய்ய ஆகும் செலவு சந்தை விலையைத் தாண்டக்கூடும். பாரிஸில் சேன் நதித் தீவில் உள்ள லாம்பேர் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். லூயி லெ வோ என்ற கட்டடக் கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. 20ஆம் நூற்றாண்டில் அதுவும் சொகுசு வீடுகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பிறகு மீண்டும் ஒரே உரிமையாளரின் கைக்கு வந்து, சீரமைப்பு நடந்துகொண்டிருந்த வேளையில், 2013 ஜூலையில் தீப்பிடித்துக் கூரை சரிந்தது. ஓவியங்களுக்குப் பெயர் பெற்ற குளியல் அறையும் அழிந்தது. பழைய கட்டடத்துக்குச் சீரமைப்புக் காலமே ஆபத்தான காலம். இப்போது அந்த மாளிகையில் வேறு யாருடைய வீட்டிலாவது வேலை நடக்கிறதா, கூரையில் பற்றவைப்பு வேலை உண்டா, மேலே செல்லும் இரண்டாவது படிக்கட்டு அடைபடாமல் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பத்திரம் (பதில்)

சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். மாளிகை மரபுக் கட்டடமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். இந்தப் பாதுகாப்பு நாட்டுக்கு நாடு மாறும் என்றாலும் அடிப்படை ஒன்றே: உங்கள் பணத்தில் வாங்கிய வீடானாலும் சில மாற்றங்களுக்கு அரசின் இசைவு வேண்டும். இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியலிட்ட கட்டடத்தின் உட்பகுதிக்கும் பாதுகாப்பு உண்டு. இசைவு இல்லாமல் அதன் தன்மையைப் பாதிக்கும் மாற்றம் செய்வது குற்றவியல் குற்றம். முந்தைய உரிமையாளர் இசைவின்றி இடித்த சுவரைச் சரிசெய்யுமாறு இன்றைய உரிமையாளருக்கு அறிவிப்பு வரலாம். இத்தாலியில் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட கட்டடத்தில் ஒரு வீடு விற்கப்பட்டால், அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் அதே விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை உண்டு. அதுவரை விற்பனை நிறைவு பெறாது.

ஆகவே சமையலறையை மாற்றும் எண்ணத்தை இசைவு கிடைக்கும் என்ற நம்பிக்கையில் விலைக்குள் சேர்த்து எண்ணாதீர்கள். தற்போதைய குளியலறையும் தடுப்புச் சுவர்களும் எந்த ஆண்டு, யாருடைய இசைவுடன் அமைந்தன என்ற ஆவணத்தைக் கேளுங்கள். மாளிகையை ஒன்பதாகப் பிரித்த மூல ஒப்பந்தத்தையும், அதனுடன் இணைத்த வரைபடத்தையும் வாங்கி, நேரில் அளந்து ஒப்பிடுங்கள். பரண், மாடம், படிக்கட்டின் அடியிலுள்ள அறை போன்றவை வீட்டுக்கு உரியவையா, பொதுவானவையா என்பதில்தான் சச்சரவு வரும். பிரான்சில் 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி 1.80 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பகுதி விற்பனைப் பரப்பில் சேராது. எழுதிய பரப்பைவிட உண்மையான பரப்பு இருபதில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், ஓராண்டுக்குள் விலைக் குறைப்புக் கோரலாம். உங்கள் நாட்டில் அப்படி ஒரு விதி இல்லாவிட்டாலும், பரப்பு எப்படி அளக்கப்பட்டது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதை யாரும் தடுக்க முடியாது.

சாளரம் (பதில்)

மழை பெய்யும் நாளில் ஒரு முறையும், இரவு ஒன்பது மணிக்கு ஒரு முறையும் போய்ப் பாருங்கள். மரத்தளம் மேல் வீட்டுக் காலடியை அப்படியே கீழே கொண்டுவரும். காலையில் பத்து மணிக்கு வீடு பார்த்தவருக்கு அது தெரியாது. சன்னல்களை மாற்ற இசைவு கிடைக்காவிட்டால், உட்புறம் 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தலாம். தெருச் சத்தத்துக்கு அது நல்ல தீர்வு. 4.2 மீட்டர் உயரம் என்பது 2.8 மீட்டர் உயரமுள்ள வீட்டைவிட ஒன்றரை மடங்கு காற்று. குளிரூட்டவும் வெப்பமூட்டவும் ஆகும் மின்செலவைக் கடந்த ஓராண்டுக் கட்டணச் சீட்டுகளில் பார்த்துவிடுங்கள்.

முல்லைவனம்

இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சாளரம் சொன்னபடி, நேற்று மாலை மழை கொட்டிக்கொண்டிருந்தபோது அந்த மாளிகைக்குச் சென்றேன். உள்ளே போகவில்லை, எதிர்ப்புறம் குடையோடு அரை மணி நேரம் நின்று வெளிச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை விளிம்பிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயின் இணைப்பில் ஒரு செடி வேர்விட்டு முழ உயரம் வளர்ந்திருக்கிறது. அங்கிருந்து நீர் குழாய்க்குள் இறங்காமல் சுவர் மீதே வழிகிறது. பாசி படர்ந்த கரும்பட்டை ஒன்று, நாங்கள் வாங்க விரும்பும் கூடத்தின் சன்னலுக்கு இடப்புறமாக, கோலிக்குண்டு போய் நின்ற அதே இடத்தின் மறுபுறத்தில் கீழே இறங்குகிறது.

கூட்டக் குறிப்பேட்டையும் கேட்டேன். முதலில் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். வற்புறுத்திய பிறகு ஐந்தாண்டுகளுக்கும் வந்தது. மழைநீர்க் குழாய்களை மாற்றும் தீர்மானம் நான்கு கூட்டங்களில் பட்டியலில் இருந்து, நான்கு முறையும் நிதி போதாமல் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. மாடிப்படி அம்மா எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால், இந்தத் தாள்களைக் கேட்கவே எனக்குத் தோன்றியிருக்காது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வருந்தினார், ஆனாலும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கும் அந்த வீட்டை விட மனமில்லை.

காரைவீடு (பதில்)

விட வேண்டியதில்லை ஐயா. காரணம் கண்ணுக்குத் தெரிந்துவிட்ட பழுது, காரணம் தெரியாத பழுதைவிட எவ்வளவோ மேல். குழாயை மாற்றி, செடியை வேரோடு எடுத்து, சிமெண்ட் பூச்சு இருந்தால் அதைக் கொத்திவிட்டுச் சுவரை உலர விட வேண்டும். தடித்த சுவர் உலர மாதக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு மேலே பூசினால் பழைய கதைதான். உத்தர முனை கெட்டிருந்தாலும், கெட்ட பகுதியை அறுத்து நீக்கிவிட்டுப் புதிய மரத்தை ஒட்டுப்போடவோ, இரும்புத் தாங்கி பொருத்தவோ முடியும். எத்தனை உத்தரங்கள் என்பதைப் பொறுத்துத்தான் செலவு. அதை அறியாமல் விலை பேச வேண்டாம். குழாயை ஒட்டிய ஒன்றை மட்டும் பார்க்காமல், அதற்கு இருபுறமும் உள்ள உத்தரங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். நீர் சுவருக்குள் பக்கவாட்டிலும் பரவும்.

மாடிப்படி (பதில்)

இன்னொன்று. குறிப்பேட்டில் ஒவ்வொரு முறையும் அந்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவர் யார் என்று பாருங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். அந்த மாளிகையைப் பற்றி அதிகம் அறிந்தவரும், நாளைக்கு உங்களோடு சேர்ந்து கூட்டத்தில் வாக்களிக்கப் போகிறவரும் அவர்தான்.

முல்லைவனம்

பார்த்தேன் அம்மா. நான்கு முறையும் முன்மொழிந்தவர் மேல்தளத்தில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இன்று காலை சந்தித்துப் பேசினேன். தம் செலவில் இரண்டு முறை அந்தச் செடியை வெட்டியதாகவும், வேர் உள்ளே இருப்பதால் திரும்பத் திரும்ப முளைப்பதாகவும் சொன்னார். எங்கள் கூடத்தின் உட்கூரையை மேலிருந்து பார்ப்பதற்குத் தம் அறைத் தளத்தில் ஒரு பலகையைத் தூக்கிக்கொள்ளவும் இசைந்துவிட்டார். விற்பவரும் தயங்கித் தயங்கி, எங்கள் செலவில் மூன்று இடங்களில் திறந்து பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார். குழாய் மாற்றும் செலவில் இந்த வீட்டின் பங்கை விற்பவரே ஏற்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை காலை தச்சரும் பொறியாளரும் வருகிறார்கள். பலகையைத் தூக்கிய பிறகு கண்டதை இங்கேயே எழுதுகிறேன்.